அலிபாக் முதல் ஜஞ்சிரா வரை

மும்பையிலும் தாணே, கல்யாண் முதலிய புறநகர்களிலும் வாழும் நம்மவருக்கு விடுமுறை என்றால் ஊர்ப் பயணம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அறுபது நாட்களுக்கு முன்னரே காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும் வேளைக்குக் காத்திருந்து, அதிலும் இடம் கிட்டாது போனால் எங்களைப் போன்ற இரயில்வே குமாஸ்தாக்களின் வீட்டுக் கதவைத் தட்டி, எப்படியோ ஊர் போய்ச் சேர்கிறோம். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இருபது முப்பது ஆண்டுகளாக உண்டு உறங்கி வாழும் இந்த மராட்டிய மண்ணின் கடற்கரையை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? கேட்வே ஆப் இந்தியாவின் முன்னால் குடும்பத்தோடு நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு நமது கடற்கரைத் தரிசனம் நிறைவு பெற்றுவிடுகிறது. அந்தப் படத்தில் நமக்குப் பின்னால் தெரியும் கடலைக் கடந்தால் ஒரு மணி நேரத்தில் வேறோர் உலகம் இருக்கிறது.

சென்ற மார்கழியில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர், பெரியவர் எண்மரும் சிறுவர் எழுவருமாக, இரண்டு நாள் விடுப்பில் அங்குச் சென்று வந்தோம். பார்ஸல் அலுவலகத்தில் பணிபுரியும் மணப்பாட்டு அண்ணாச்சியே பயணத் தலைவர். கடலோரத்தில் பிறந்தவர் ஆதலால் கடல் பற்றிய எல்லாவற்றிலும் தீர்ப்புக் கூறும் உரிமையை அவருக்கே விட்டுவிட்டோம்.

இப்போது ராய்கட் என்று வழங்கும் இம்மாவட்டம் 1981 வரை கொலாபா மாவட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. மும்பையின் தென்கோடியில் உள்ள கொலாபா வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டா. கேட்வேயிலிருந்து மாண்ட்வா துறைக்கு லாஞ்சுகள் செல்கின்றன. அங்கிருந்து அலிபாக் நகருக்குப் பேருந்து உண்டு. மழைக்காலத்தில் லாஞ்சுகள் நின்றுவிடும். இரயிலில் செல்ல விரும்புவோருக்கு அலிபாக்கில் நிலையம் கிடையாது. பென் நிலையத்திலிருந்து தள் உரத் தொழிற்சாலை வரை தண்டவாளம் போகிறது. ஆனால் அது சரக்குக்கு மட்டும். மூட்டைகளுக்குக் கிடைத்த பாக்கியம் மனிதருக்கு இல்லை. எங்களுடைய இலவசப் பாஸும் கடலில் செல்லாது என்பதை லாஞ்சுக்குப் பயணச்சீட்டு வாங்கும்போது அண்ணாச்சி அனைவருக்கும் நினைவூட்டினார்.

மாண்ட்வாவிலிருந்து அலிபாக் செல்லும் வழியில் சற்று விலகி நவ்காவ் என்ற சிற்றூர் உள்ளது. சுற்றுலா வருவோர் பெரும்பாலும் இங்கு இறங்குவதில்லை. தென்னையும் பாக்கும் நிறைந்த ஊரின் அருகே பழமையான ஓர் இடுகாடும் நினைவுத் தூணும் இருக்கின்றன. பெனே இஸ்ரவேலர் எனப்படும் யூத மக்களின் முன்னோர் வந்து கரை ஏறிய இடம் இது என்பது அவர்கள் மரபு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வந்த கலம் இக்கரைக்கு அருகே உடைந்ததாம். ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் மட்டுமே பிழைத்தனராம். மாண்டவர்களை இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, பிழைத்தவர்கள் செக்கு ஆட்டி எண்ணெய் விற்று வாழத் தலைப்பட்டனர் என்பர்.

வந்தவர்களின் ஏடுகள் எல்லாம் கடலோடு போயின. எபிரேய மொழி நாளடைவில் மறந்து போயிற்று. மராத்தியே வீட்டு மொழி ஆயிற்று. பெயர்களும் மாறின. கிஹிம் என்ற ஊரார் கெஹிம்கர் ஆயினர். பென் ஊரார் பென்கர். ரோஹா ஊரார் ரோஹேகர். இந்த வழித்தடத்து நிலையப் பெயர்களை நாள்தோறும் கணக்கில் எழுதும் எங்களுக்கு அவை மனிதர்களின் குலப் பெயராகவும் இருப்பது வியப்பளித்தது. இத்தனை மாறியும் சனிக்கிழமை மட்டும் அவர்கள் செக்கைத் தொடவில்லை. அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களுக்கு இட்ட பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார். எபிரேயத்தில் ஒரே ஒரு வழிபாட்டு வாக்கியத்தையும் விடாது சொல்லி வந்தனர். பிற்காலத்தில் கொச்சியிலிருந்து வந்த யூதப் பெரியவர் ஒருவர் இவர்களை எவ்வாறு அடையாளம் கண்டார் என்பதற்கு ஒரு கதை உண்டு. பலவகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் இல்லாத மீன்களை அவர்கள் தாமே ஒதுக்கி வைத்தனராம். ஏடும் மொழியும் மறந்த பின்னும் அடுக்களை மறக்கவில்லை என்று எங்கள் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். அடுக்களைப் பெருமை அவர்களுடையது. நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

1948-ல் இஸ்ரவேல் நாடு தோன்றிய பின் இம்மக்களில் பெரும்பாலோர் அங்குக் குடியேறிவிட்டனர். அலிபாக்கிலும் ரேவ்தண்டாவிலும் ஜெபாலயங்கள் உள்ளன. குடும்பங்கள் மிகச் சில. இதில் நம் சங்கத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இஸ்ரவேலுக்குச் சென்ற இவர்கள் அங்கே மராத்தியில் ஓர் இதழ் நடத்தினர். அதன் பெயர் 'மாய்போலி'. தாய்மொழி என்பது பொருள். வந்த இடத்தில் எபிரேயத்தை இழந்தவர்கள், போன இடத்தில் மராத்திக்கு இதழ் நடத்தினர். இந்தச் செய்தியைப் பேருந்தில் படித்துக் காட்டியபோது, நம்முடைய இந்த இதழுக்குச் சந்தா பாக்கி வைத்திருந்த இருவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தனர்.

அலிபாக் கடற்கரைக்கு அப்பால் கடலின் நடுவே நிற்பது கொலாபாக் கோட்டை. கடல் வற்றும் நேரத்தில் இதற்கு நடந்தே செல்லலாம். ஏறும் நேரத்தில் படகுதான். நமது தூத்துக்குடிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. இந்தக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை போகும். கடற்கரையில் பிறந்த அண்ணாச்சியே வாயடைத்துப் போனார். எங்கள் கால அட்டவணை போன்று கடலுக்கும் அட்டவணை உண்டு. வேறுபாடு யாதெனின், அது தவறுவதில்லை. அன்று பிற்பகல் மூன்று மணியளவில் வற்றம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்காலளவு நீரில், சிறுவர்களை நடுவில் விட்டு நடந்தோம். மூத்தோர் குதிரை வண்டியில் வந்தனர். செல்வோர் திரும்பும் நேரத்தைக் கரையில் கேட்டு அறிந்துகொண்டே இறங்க வேண்டும். கோட்டைக்குள் நேரம் போவது தெரியாது.

சிவாஜி 1680-ல் கட்டத் தொடங்க, மகன் சம்பாஜி மறு ஆண்டில் முடித்தார். பெரும் கருங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இன்றி அடுக்கியிருக்கின்றனர். இடைவெளிகளில் அலை புகுந்து வேகம் தணிகிறது. உள்ளே 1759-ல் ரகோஜி ஆங்கரே கட்டிய விநாயகர் கோயில் இருக்கிறது. அருகில் நன்னீர்க் குளமும் கிணறும் உள்ளன. நாற்புறமும் உப்புக் கடல் சூழ, நடுவில் ஊறும் நீர் இனிக்கிறது. வடபுறத்தில் சக்கரம் பூட்டிய இரண்டு ஆங்கிலேயப் பீரங்கிகள். யார்க்‌ஷயரில் உள்ள லோ மூர் இரும்பாலையில் வார்க்கப்பட்டவை.

இக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டவர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே. ஆங்கிலேயர் இவரைக் கடற்கொள்ளையர் என்று எழுதினர். தம் கடலில் வரும் கப்பல்களுக்கு அனுமதிச்சீட்டு கேட்டவர் கொள்ளையர் என்றால், பயணச்சீட்டு கேட்கும் எங்கள் பரிசோதகர்கள் எல்லாரும் என்ன ஆவது? 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் ஒன்றுகூடி வந்து தாக்கியும் இக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. 1729-ல் மறைந்த கானோஜியின் சமாதி அலிபாக் நகருக்குள்ளேயே இருக்கிறது.

நமக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்லிவிட வேண்டும். மராட்டியப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. இக்கரைக்கு எதிரே கடலில் இருக்கும் காந்தேரி அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாவது நமது செஞ்சி. சிவாஜி 1677-ல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய இளைய மகன் ராஜாராம், முகலாயர் முற்றுகைக்கு இடையே அங்கிருந்துதான் பல ஆண்டுகள் அரசு நடத்தினார். அக்காலத்தில் தஞ்சையை ஆண்டதும் இந்தப் போன்ஸ்லே குலத்தாரே. பெரிய கோயில் மதிலில் 1803-ல் வெட்டப்பட்ட நீண்ட மராத்திக் கல்வெட்டு அவர்கள் வரலாற்றைக் கூறுகிறது. தஞ்சைப் பக்கத்தில் இன்றும் வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன.

இரவு அலிபாக்கில் தங்கினோம். மறுநாள் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு தெற்கே புறப்பட்டோம்.

முதலில் ரேவ்தண்டா. இதனை அடுத்த சௌல் பண்டைக் கிரேக்க நூல்களிலும் குறிக்கப்பெற்ற துறைமுகம். இன்று பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போர்த்துகீசியர் கட்டிய மதில்களும் இடிந்த கோபுரமும் நிற்கின்றன. ஆபனாசி நிகிதின் என்ற ருஷ்ய வணிகர் 1469-ஐ ஒட்டி இத்துறையில்தான் இறங்கினார். விற்பதற்கு ஒரு குதிரை கொண்டு வந்தார். அவருக்கு இவ்வூர்ப் பள்ளி வளாகத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. அவர் எழுதிய பயணக் குறிப்புகளில் நாளாக ஆக ருஷ்ய மொழிக்கு நடுவே துருக்கியும் அரபும் பாரசீகமும் கலந்து வருகின்றன. துணைக்கு ஆள் இன்றி அயலூரில் அலைந்தவர் அப்படி எழுதினார் என்றால் அதிசயம் இல்லை. அவர் தம் ஊர் சேரும் முன்பே வழியில் இறந்து போனார்.

பின்னர் முரூடைக் கடந்து ராஜபுரித் துறைக்குச் சென்றோம். ஜஞ்சிராவுக்கு இங்கிருந்து பாய்மரப் படகில் செல்ல வேண்டும். ஜசீரா என்ற அரபுச் சொல்லுக்குத் தீவு என்பது பொருள். அதுவே ஜஞ்சிரா ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் மதில் மட்டுமே தெரியும். வாயில் எங்கே என்று தெரியாது. படகு மதிலை நெருங்கிய பின்னரே வாயில் கண்ணுக்குப் புலப்படுகிறது. வாயிற் சுவரில் புலி போன்ற ஒரு விலங்கு யானைகளைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கும் சிற்பம். இக்கோட்டையை ஆண்ட சித்திகள், எத்தியோப்பியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தோரின் வழியினர். அவர்களுள் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர். அவர்கள் வழி வந்தோர் நவாபுகளாயினர். சிவாஜி பலமுறை முயன்றும், சம்பாஜி 1682-ல் கடலைத் தூர்த்துப் பாதை போட முனைந்தும் கோட்டை விழவில்லை. 1689-ல் சித்தி யாகூப் கான் மும்பையின் மேலேயே படையெடுத்து வந்து சிவ்ரியில் இறங்கினார். ஹார்பர் தடத்தில் நாள்தோறும் சிவ்ரி நிலையத்தைக் கடப்போர் இதை நினைத்துக்கொள்ளலாம். 1948-ல் இச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. உள்ளே இரண்டு நன்னீர்க் குளங்களும், இடிந்த மாளிகையும், 'கலால் பாங்கடி' என்னும் மாபெரும் பீரங்கியும் உண்டு. நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் கையோடு வேண்டும். எங்கள் சிறுவர்களுக்கு இதுவே மிகவும் பிடித்தது. எங்களுக்கு அன்று பிற்பகல் கண்டதே மனத்தில் நின்றது.

அது கொர்லாய். குண்டலிகா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஆற்றின் தென்கரையில், முதலை படுத்திருப்பது போன்ற நீண்ட குன்றின் மேல் கோட்டை. அகமதுநகரின் நிஜாம் ஷா கட்டத் தொடங்க, 1594-ல் போர்த்துகீசியர் அதைப் பிடித்தனர். கலங்கரை விளக்கத்தின் பக்கமாகப் படி ஏறினால் ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலும் தெரியும். ஆனால் நாங்கள் சொல்ல வந்தது கோட்டையை அன்று; அடிவாரத்து ஊரை.

சௌலில் போர்த்துகீசியர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தனர். அவர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே ஒரு கலப்பு மொழி பிறந்தது. 1740-ல் மராட்டியரிடம் இப்பகுதியை ஒப்படைத்துவிட்டு அவர்கள் வெளியேறினர். அவர்களால் கிறிஸ்தவராகியிருந்த எளிய குடிகள் கொர்லாயில் தங்கிவிட்டனர். மொழியும் தங்கிவிட்டது. அரசு போய் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ஏறத்தாழ ஆயிரம் பேர் இம்மொழியை வீட்டில் பேசுகின்றனர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நோ லிங்'. எங்கள் மொழி என்பது பொருள். சொற்கள் போர்த்துகீசியம், ஆயினும் வினைச்சொல் நம் மொழிகளிற்போல வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அமெரிக்க மொழியியலறிஞர் கிளெமெண்ட்ஸ் இதைப் பற்றி 1996-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

எங்கள் மணப்பாட்டு அண்ணாச்சிக்கு இங்கே தனி ஈடுபாடு. அவருடைய முன்னோராகிய முத்துக்குளித்துறை மக்களும் ஏறத்தாழ 1535-ஐ ஒட்டிப் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களே. அவர்கள் வேதத்தையும் பர்னாந்து, ரொட்ரிகோ போன்ற பெயர்களையும் ஏற்றனர், தமிழை விடவில்லை. கொர்லாய் மக்கள் மொழியையும் சேர்த்து ஏற்றனர். "அவர்களுக்கு ஆயிரம் பேர்தாம், எங்களுக்குப் பின்னால் ஒரு நாடே தமிழ் பேசியது" என்றார் அண்ணாச்சி. போர்த்துகீசியர் தமிழுக்கு விட்டுச் சென்றவை சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் முதலிய சொற்கள். மும்பையில் நாம் உண்ணும் பாவும் அதனுள் இருக்கும் படாடாவும் அவர்கள் சொற்களே.

தேவாலயத்துக்கு அருகே ஒரு சந்தில் ஐந்தாறு சிறுவர்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டத்தில் ஏதோ சச்சரவு. உரக்கக் கத்திக்கொண்டனர். அது மராத்தியும் அன்று, இந்தியும் அன்று. எங்கள் பிள்ளைகள் வட்டமாக நின்று பார்த்தனர். பிறகு தங்களுக்குள் யார் பக்கம் நியாயம் என்று வாதிட்டனர். அந்த வாதம் முழுவதும் இந்தியில் நடந்தது.

திண்ணையில் மீன் வலைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களிடம் மராத்தியில் பேசினார். நாங்கள் எங்களுக்குள் பேசுவது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றோம். "பிள்ளைகள் பேசுவது?" என்று மீண்டும் கேட்டார். அதுவும் தமிழ்தான், எங்களோடு பேசும்போது, என்றோம். அவர் சிரித்தார், ஏளனச் சிரிப்பு அன்று. தம் வீட்டிலும் இப்போது அப்படித்தான் ஆகி வருகிறது, பள்ளிக்கூடத்தில் மராத்தி என்பதால் பேரப்பிள்ளைகளோடு மருமகள் மராத்தியிலேயே பேசுகிறாள், சந்தில் ஆடுகிறவர்கள் மட்டும் இன்னும் பழைய மொழியில் சண்டை போடுகிறார்கள் என்றார்.

வேனில் திரும்பும்போது இதைப் பற்றியே பேச்சு. கொர்லாய் மக்கள் ஏழைகள், அக்கம்பக்கத்தாரோடு கொள்வினை கொடுப்பினை இன்றித் தனித்திருந்தவர்கள், 1980களில் ஆற்றுக்குப் பாலம் வரும்வரை வெளியூர்த் தொடர்பே அருகியிருந்தது. அதனால்தான் மொழி நின்றது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். சம்பளத்துக்கு வந்த நாம் அப்படித் தனித்திருக்க இயலுமா, இருக்கத்தான் வேண்டுமா என்பது அவர் கேள்வி. அதில் உண்மை உண்டு. தனிமையும் வறுமையும் காத்துக் கொடுத்த மொழியைப் பார்த்து நாம் பொறாமைப்படுவதற்கில்லை. எனினும் அந்தச் சந்தில் கேட்ட கூச்சலை எங்களால் மறக்க இயலவில்லை. நம் பிள்ளைகள் ஞாயிறு வகுப்பில் ஆத்திசூடி ஒப்பிக்கின்றனர், நன்றாகவே ஒப்பிக்கின்றனர். ஆனால் தமிழில் சண்டை போட்டுக்கொள்வதில்லை. வகுப்பு முடிந்ததும் ஒருமணி நேரம் அவர்களைச் சேர்ந்தாற்போல் விளையாட விட்டால் என்ன என்று எங்கள் வீட்டார் ஒருவர் கேட்டார். இடத்துக்கு எங்கே போவது என்று கேட்டோம். பதிலுக்குச் சங்கக் கட்டிடத்தின் மொட்டை மாடியைச் சொன்னார்கள்.

பன்வேலில் வேனை விட்டு இறங்கி, தாணே வழியாக இரவு பத்தரைக்குக் கல்யாண் சேர்ந்தோம்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். மழை மாதங்களில் ஜஞ்சிராக் கோட்டை மூடியிருக்கும். சனி, ஞாயிறுகளில் அலிபாக்கில் கூட்டமும் விடுதிக் கட்டணமும் மிகுதி, வாரநாளே நன்று. கொலாபாக் கோட்டைக்கு எந்த நேரம் வற்றம் என்பதை முதலில் அறிந்து, அதை வைத்தே மற்றவற்றை வகுத்துக்கொள்க. அடுத்த தை மாதத்தில் சங்கத்தின் சார்பில் ஒரு பேருந்து அமர்த்திச் செல்லச் செயற்குழு இசைந்திருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் செயலாளரிடம் தெரிவிக்கலாம். இம்முறை கொர்லாயில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்; கோலிகளும் கொண்டு செல்கிறோம்.